யுக்திபாஷையும் ஒரு எலுமிச்சம்பழமும்

நம் காலாண்டிதழில் க்ஷேத்ர வரலாறும் குடும்ப வரலாறும் நிறைய வருகின்றன. இந்தத் தடவை ஒரு கணக்கின் வரலாற்றை எழுத ஆசைப்படுகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நானும் கணித வாத்தியார் இல்லை. மட்டாஞ்சேரியில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் 36 வருஷம் கணக்குப் புஸ்தகம் எழுதி ரிடையர் ஆனவன். என் பிழையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

சில வருஷங்களுக்கு முன் நம் ஆண்டு விழா ஒன்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். "கணிதத்தில் நம் முன்னோர்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் முழங்கினேன். கால்குலஸ் என்பது நம் கேரளத்தில் பிறந்தது, நியூட்டனுக்கும் லைப்னிட்ஸுக்கும் வெகு முன்பே இங்கே எல்லாம் தெரியும், போர்ச்சுகீசியப் பாதிரிமார்கள் இதே கொச்சித் துறைமுகத்திலிருந்து ஓலைகளைக் கப்பலேற்றிக் கொண்டு போய்விட்டார்கள் என்றெல்லாம் சொன்னேன். நல்ல கைதட்டல். பொன்னாடை கூடப் போர்த்தினார்கள்.

சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். "மாமா, நீங்க பேசினது நன்னா இருந்தது. எங்களுக்கு இப்போ இன்டக்ரேஷன்தான் நடக்கறது. ஒரு பந்தைத் துண்டு துண்டாக் கட் பண்ணி, ஒவ்வொரு துண்டோட ஏரியாவையும் கூட்டி வால்யூம் கண்டுபிடிக்கலாம்னு ஸார் சொன்னார். அவா அந்தக் காலத்துல அதை எப்படிப் பண்ணினா? ஃபார்முலா ஒண்ணும் இல்லாம எப்படிக் கூட்டினா? சொல்லித் தரேளா?"

எனக்கு வேர்த்து விட்டது. "இலை போட்டாச்சு குட்டி, அப்புறம் பேசலாம்" என்று நழுவினேன். பாயசம் தொண்டையில் இறங்கவில்லை. முக்கால் மணி நேரம் யார், எப்போது என்று பேசினவனுக்கு, எப்படி என்ற ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

புஸ்தகம் கிடைத்த கதை

அந்த வெட்கத்தில்தான் தேட ஆரம்பித்தேன். திருச்சூரில் ஒரு சிநேகிதர் வீட்டு அலமாரியில் பழுப்பேறிய மலையாளப் புஸ்தகம் ஒன்று இருந்தது. 'யுக்திபாஷா', முதல் பாகம். கொல்லம் 1123, அதாவது 1948-ல் திருச்சூர் மங்களோதயம் அச்சகத்தில் அச்சானது. பதிப்பித்து விளக்கம் எழுதியவர்கள் இருவர். ஒருவர் ராமவர்ம மரு தம்புரான். இன்னொருவர் அ. ரா. அகிலேஸ்வர ஐயர். ஒரு தம்புரானும் ஒரு ஐயருமாகச் சேர்ந்து உட்கார்ந்து, ஓலையில் இருந்த கணக்கை வரி வரியாகப் பிரித்துப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்கவில்லை. என் முக்கால் மணி நேரப் பிரசங்கத்தில் அவர் பெயர் ஒரு தடவை கூட வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

மூல நூலை எழுதியவர் ஜ்யேஷ்டதேவர். காலம் 1530 வாக்கு. பாரதப்புழையை ஒட்டிய நாட்டைச் சேர்ந்த நம்பூதிரி. நம் மட்டாஞ்சேரி அரண்மனையை போர்ச்சுகீசியர்கள் கட்டி வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தது 1555 வாக்கில். அரண்மனைக்குப் பின்புறம் யூதர்களின் பரதேசி சினகாக் எழுந்தது 1568-ல். நாம் தினமும் கடந்து போகும் இந்தச் சுவர்கள் எழுந்த அதே தலைமுறைகளில், இங்கிருந்து வடக்கே சில நாள் நடை தூரத்தில் இந்தக் கணக்கு எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியவர் ஸங்கமக்ராமத்து மாதவர். அந்த ஊர் பழைய கொச்சி ராஜ்யத்து இரிஞ்ஞாலக்குடைதான் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அவருடைய சிஷ்ய பரம்பரையில் பரமேச்வரர், தாமோதரர், தந்த்ரஸங்க்ரஹம் எழுதிய நீலகண்ட ஸோமயாஜி, பிறகு ஜ்யேஷ்டதேவர் என்று வருகிறது. ஜ்யேஷ்டதேவர் செய்த புதுமை என்னவென்றால், சூத்திரங்களை மட்டும் ச்லோகமாகச் சொல்லிவிட்டுப் போகாமல், அது ஏன் அப்படி என்கிற யுக்தியை, பேசுகிற பாஷையில், அதாவது மலையாள வசனத்தில், படிப்படியாக எழுதி வைத்தார். நூலின் பெயரே அதுதான்.

நான் மலையாளம் மீடியத்தில் படித்தவன். வாசித்து விடலாம் என்று தைரியமாக உட்கார்ந்தேன். வார்த்தை புரிந்தது, கணக்கு புரியவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணையே வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உரக்கப் படித்து அர்த்தம் சொல்வேன், அவள் நோட்டில் கணக்குப் போடுவாள். இப்படி நாலைந்து வாரத்தில் பந்தின் கணக்கை முடித்தோம்.

டிப் ராடு சொல்லித் தந்தது

கணக்கைச் சொல்வதற்கு முன் என் பழைய ஆபீஸை ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வியாபாரத்துக்கு மட்டாஞ்சேரி பெயர் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கிடங்கில் ஆறடி விட்டமுள்ள உருளைத் தொட்டி ஒன்று படுக்க வைத்திருந்தது. மேல் துவாரத்தின் வழியாக ஒரு குறி போட்ட கம்பியை இறக்குவார்கள். அதற்கு டிப் ராடு என்று பெயர். எத்தனை அங்குலம் நனைந்திருக்கிறது என்று பார்த்து, சுவரில் மாட்டிய அட்டவணையில் அதற்கு நேரே உள்ள அளவை எழுதிக்கொள்வேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இதற்கு எதற்கு அட்டவணை? மொத்த அளவை 72-ஆல் வகுத்தால் ஒரு அங்குலத்துக்கு இவ்வளவு என்று கிடைத்துவிடுமே" என்று கேட்டேன். கிடங்கு மேஸ்திரி சிரித்தார். படுத்திருக்கும் தொட்டியில் அடி அங்குலம் குறுகல், நடு அங்குலம் அகலம். கணக்குப் பார்த்தால் நடுவில் உள்ள ஒரு அங்குலத்தில், அடியில் உள்ள ஒரு அங்குலத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் எண்ணெய் நிற்கிறது. அதனால் ஒவ்வொரு அங்குலத் தட்டுக்கும் தனியாக அளவு கண்டு, அடியிலிருந்து கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதுதான் அந்த அட்டவணை.

அந்தப் பெண்ணின் பாடப் புஸ்தகத்தில் இருந்ததும் இதேதான். ஒரு பொருளை மெல்லிய தட்டுகளாக மனசால் வெட்டு, ஒவ்வொரு தட்டின் பரப்பையும் கண்டுபிடி, எல்லாவற்றையும் கூட்டு. 36 வருஷம் அட்டவணையைப் பார்த்து எழுதினேனே தவிர, அதற்குள் இன்டக்ரேஷன் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பந்தை வெட்டும் யுக்தி

இப்போது ஒரு உருண்டையான எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே கனமுள்ள மெல்லிய வட்டத் துண்டுகளாக நறுக்குங்கள். மேல் துண்டு சின்ன வட்டம், நடுத் துண்டு பெரிய வட்டம், அடித் துண்டு மறுபடி சின்ன வட்டம். எல்லா வட்டங்களின் பரப்பையும் கூட்ட வேண்டும். ஒவ்வொரு வட்டமும் வேறு வேறு அளவாக இருக்கிறதே, எப்படிக் கூட்டுவது? யுக்திபாஷையின் சாமர்த்தியம் இங்கேதான்.

பழத்தின் உச்சியிலிருந்து அடி வரை ஊசி குத்தினால் அது விட்டம். ஒரு துண்டு அந்த விட்டத்தை மேல் பாகம், கீழ்ப் பாகம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பாகங்களுக்கு சரம், அதாவது அம்பு, என்று பெயர். மேல் சரத்தையும் கீழ்ச் சரத்தையும் பெருக்கினால், அந்தத் துண்டு வட்டத்தின் ஆரத்தினுடைய வர்க்கம் கிடைக்கும். இது பழைய விதி. உதாரணமாக விட்டம் 10 என்றால், உச்சியிலிருந்து 2-ல் வெட்டினால் மேலே 2, கீழே 8. பெருக்கினால் 16. ஆகவே அந்தத் துண்டின் ஆரம் 4.

அடுத்த படி, அந்தப் பெருக்கலைக் கழித்தலாக மாற்றுவது. முழு விட்டத்தின் வர்க்கத்திலிருந்து மேல் சரத்தின் வர்க்கத்தையும் கீழ்ச் சரத்தின் வர்க்கத்தையும் கழித்துப் பாதி ஆக்கினால் அதே விடை வரும். 100-லிருந்து 4-ஐயும் 64-ஐயும் கழித்தால் 32. பாதி 16. சரியாக இருக்கிறதா?

இப்போது எல்லாத் துண்டுகளுக்கும் சேர்த்துக் கூட்டுங்கள். விட்டத்தின் வர்க்கம் ஒவ்வொரு துண்டுக்கும் மாறாமல் வருவதால், விட்டம் முழுவதும் கூட்டினால் விட்டத்தின் கனம். விட்டம் 10 என்றால் 1000. மேல் சரங்கள் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக வளர்கின்றன. கீழ்ச் சரங்கள் அதே வரிசையைத் தலைகீழாகச் சொல்கின்றன. ஆகவே இரண்டு வர்க்கக் கூட்டலும் ஒன்றுதான். அந்த வர்க்கங்களின் கூட்டுத்தொகை தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது.

இதற்கு வர்க்க ஸங்கலிதம் என்று பெயர். 1-லிருந்து 10 வரை உள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 385. 10-ன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு 333. வித்தியாசம் கொஞ்சம் பெரிசுதான். 100 வரை கூட்டினால் 3,38,350. 100-ன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு 3,33,333. 1000 வரை போனால் 33,38,33,500-க்கு எதிரே 33,33,33,333. துண்டுகள் மெலிய மெலிய வித்தியாசம் நூற்றுக்குப் பதினைந்து, ஒன்றரை, பிறகு அதிலும் பத்தில் ஒன்று என்று தேய்ந்துகொண்டே போகிறது. துண்டு அணு அளவாகும்போது மிச்சத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, கனத்தில் மூன்றில் ஒன்று என்றே கொள்ளலாம் என்பது யுக்திபாஷையின் வாதம். வர்க்கத்துக்கு மட்டும் இல்லாமல், மற்ற உயர்ந்த அடுக்குகளுக்கும் இதே மாதிரி கூட்டல் சொல்லியிருக்கிறது.

ஆக, 1000-லிருந்து மூன்றில் ஒன்று, இன்னொரு மூன்றில் ஒன்று கழித்தால் மிச்சம் மூன்றில் ஒன்று. அதில் பாதி ஆறில் ஒன்று. வட்டப் பரப்பு ஆவதற்காக, சுற்றளவை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணால், அதாவது இன்றைக்கு நாம் பை என்பதால், பெருக்க வேண்டும். விட்டத்தின் வர்க்கத்தைச் சுற்றளவால் பெருக்கி ஆறால் வகுத்தால் பந்தின் கன அளவு. விட்டம் 10 என்றால் சுமார் 523.6. அந்தப் பெண் தன் பாட ஃபார்முலாவில் போட்டுப் பார்த்தாள். அச்சாக அதே விடை. "மாமா, இது எங்க ஸார் போட்டதை விட சிம்பிளா இருக்கு" என்றாள்.

பெருமையும் உண்மையும்

இது புரிந்த பிறகு என் பழைய பிரசங்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். திருத்த வேண்டியது நிறைய இருந்தது.

முதலாவது, நம் முன்னோர் சொன்னதெல்லாம் சரி என்று பேசியது தவறு. 499-ல் ஆர்யபடீயத்தில் பந்தின் கன அளவுக்கு ஒரு விதி இருக்கிறது. வட்டத்தின் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கு என்பது அது. விட்டம் 10 என்றால் 696 வருகிறது. சரியான விடையை விட மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆர்யபடர் மகா மேதை. ஆனால் இந்த இடத்தில் விதி பிசகு. 1150-ல் பாஸ்கராசார்யர் லீலாவதியில் சரியான விதியைத் தந்தார். பந்தின் மேற்பரப்பில் சிறு சிறு கட்டங்களை அடியாகவும், நடுமையத்தை முனையாகவும் கொண்ட கூம்புகளாகப் பந்தைப் பிரித்து அவர் காரணம் சொன்னார். துண்டு போட்டுக் கூட்டும் முறையில் முழு யுக்தியையும் எழுதி வைத்தது யுக்திபாஷை. பெரியவர் சொன்னதையும் பரிசோதித்துத் திருத்திக்கொண்டு போனதால்தான் அந்தப் பரம்பரை வளர்ந்தது.

இரண்டாவது, உலகத்தில் நாம்தான் முதல் என்று பந்தின் விஷயத்தில் சொல்ல முடியாது. கிரேக்கத்து ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே சரியான விடையைக் கண்டார். சீனாவில் சூ கெங் என்பவர், கிறிஸ்துவுக்குப் பின் 500 வாக்கில், இரண்டு பொருள்களின் குறுக்கு வெட்டுகளை ஒப்பிட்டு அதே விடைக்கு வந்தார். இத்தாலியில் கவாலியேரி 1635-ல் குறுக்கு வெட்டு முறையைப் புஸ்தகமாகவே எழுதினார். எந்த வளைவுக்கும் பொருந்துகிற பொது முறையாக அதை ஆக்கியது நியூட்டனும் லைப்னிட்ஸும்தான். கேரளத்தார் வட்டம், ஜ்யா, கோளம் என்று ஜ்யோதிஷத்துக்கு வேண்டிய எல்லைக்குள் நின்றார்கள். அந்த எல்லைக்குள் அவர்கள் போன ஆழம், முக்கியமாக பைக்கும் ஜ்யாவுக்கும் மாதவர் கண்ட முடிவில்லாத தொடர்கள், ஐரோப்பாவுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை நூற்றாண்டு முந்தியது. அதை மறுப்பார் இல்லை.

மூன்றாவது, பாதிரிமார்கள் ஓலையைக் கொண்டு போனார்கள் என்ற கதை. கொச்சியில் அவர்கள் இருந்தார்கள், வாய்ப்பு இருந்தது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் இன்ன ஓலை இன்னார் கைக்குப் போயிற்று என்று காட்டும் ஆவணம் எதுவும் இதுவரை வெளிவரவில்லை. அத்தாட்சி இல்லாமல் ஒருவரைத் திருடன் என்று மேடையில் சொன்னது என் தப்பு.

நான்காவது கொஞ்சம் கசப்பானது. மேலே சொன்ன மாதவர், நீலகண்டர், ஜ்யேஷ்டதேவர் யாரும் நம் பட்டர் கிராமங்களில் பிறந்தவர்கள் இல்லை. அந்தப் பரம்பரையில் சங்கர வாரியரும் அச்யுத பிஷாரடியும் இருந்தார்கள். இந்த அச்யுதர் ஜ்யேஷ்டதேவரின் சிஷ்யர். அந்த ஞானம் சில இல்லங்களிலும் சில கோவில் சமூகங்களிலுமாகக் குரு சிஷ்ய முறையில் மட்டும் நடந்தது. இத்தனைக்கும் மலையாளத்தில் எழுதிய புஸ்தகம். ஊரில் எல்லோரும் படித்திருக்கலாம். படிக்க வைக்கவில்லை. 1834-ல் சார்லஸ் விஷ் என்ற கும்பெனி உத்யோகஸ்தரின் கட்டுரை லண்டனில் வெளிவந்து இந்நூலின் பெயர் வெளி உலகத்துக்குத் தெரிந்த பிறகும், நூறு வருஷத்துக்கு மேல் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படியானால் நம்முடைய பங்கு என்ன? மறந்து போனதை மறுபடி படித்து, பிறருக்குப் புரிய வைத்ததில்தான். அகிலேஸ்வர ஐயரைச் சொன்னேன். 1940-களிலிருந்து சென்னையில் பேராசிரியர் சி. டி. ராஜகோபால் இந்தக் கணக்குகளை இன்றைய கணித பாஷையில் எழுதி உலகப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். செர்ப்புளச்சேரியில் பிறந்த டி. ஏ. சரஸ்வதி அம்மா பாரத நாட்டு ஜியோமிதி பற்றி எழுதிய பெரிய நூல் 1979-ல் வந்தது. செங்கன்னூரில் பிறந்த கே. வி. சர்மா, ஆயுள் முழுவதும் ஓலைச்சுவடி தேடி அலைந்து, யுக்திபாஷை முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அச்சாகி வெளிவந்தது 2008-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 2005 ஜனவரியில் சென்னையில் காலமாகிவிட்டார். கே. ராமசுப்ரமணியன், எம். டி. ஸ்ரீநிவாஸ், எம். எஸ். ஸ்ரீராம் ஆகிய மூவர் விளக்கக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார்கள். இவர்களுக்கு எத்தனை ஆண்டு விழாவில் நாம் பொன்னாடை போர்த்தினோம்?

அந்தப் பெண் இப்போது இன்ஜினீயராக பெங்களூரில் இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போவதில்லை. சென்ற வருஷம் நம் குழந்தைகள் வகுப்பில் பேசக் கூப்பிட்டபோது, நான் பிரசங்கம் ஒன்றும் தயார் செய்யவில்லை. கடைத்தெருவில் நாலு எலுமிச்சம்பழமும் ஒரு அடி ஸ்கேலும் வாங்கிக்கொண்டு போனேன். குழந்தைகளையே நறுக்கச் சொல்லி, அளக்கச் சொல்லி, கூட்டச் சொன்னேன். ஒரு பையன் பெரிய துண்டாக வெட்டியதால் விடை பிசகியது. "மெல்லிசா வெட்டினா சரியா வரும், இல்லையா தாத்தா?" என்று அவனே கேட்டான்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்க நூலகத்தில் யுக்திபாஷையின் ஒரு பிரதி வாங்கி வைக்க வேண்டும் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்களும் கணக்குப் போடத் தெரிந்த குழந்தைகளும் மாதம் ஒரு ஞாயிறு சேர்ந்து உட்காரலாம். இரண்டு பேரும் தேவை என்பது என் அனுபவம். வர இஷ்டமுள்ளவர்கள் ஆபீஸ் மானேஜரிடம் பெயர் கொடுக்கவும். ஸ்கேல் நான் கொண்டு வருகிறேன். எலுமிச்சம்பழம் நீங்கள் கொண்டு வாருங்கள்.